கரண்ட் பில், கேஸ், தண்ணீர்: வீட்டுச் செலவு பற்றிய கேள்வி பதில்

தமிழ்நாட்டு வீடுகளில் மாதா மாதம் பணம் எங்கே போகிறது, எங்கே பிடித்து நிறுத்தலாம் என்பது பற்றிய கேள்விகள் இவை. மின்கட்டணக் கணக்கெல்லாம் 2024 ஜூலையில் வந்த வீட்டு இணைப்புக் கட்டணப்படி போட்டிருக்கிறது. கட்டணம் மாறினால் ரூபாய் மாறும், யூனிட் கணக்கு மாறாது.

கேள்வி (திருச்சி): போன தடவை 480 யூனிட், இந்தத் தடவை 540. அறுபது யூனிட்தான் கூடுதல். பில் மட்டும் 700 ரூபாய் ஏறிவிட்டது. மீட்டர் கோளாறா சார்?

மீட்டர் சரியாகத்தான் இருக்கிறது. நீங்கள் 500-ஐத் தாண்டிவிட்டீர்கள்.

இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை: முதல் 100 இலவசம், 101 முதல் 200 வரை 2.35, 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. ஆக 480-க்கு 1,679 ரூபாய். 500-க்கு மேல் ஒரு யூனிட் போனாலும் அட்டவணையே மாறிவிடும். 101 முதல் 200 வரை இருந்த 2.35 சலுகை போய், அங்கேயும் 4.70. அதிலேயே 235 ரூபாய் கூடும். அதற்கு மேல் 501-இலிருந்து யூனிட் 8.40. எனவே 540-க்கு 2,376. அந்த அறுபது யூனிட்டும் உங்களுக்கு யூனிட் 11 ரூபாய்க்கு மேல் விழுந்திருக்கிறது.

500-ஐ ஒட்டி இருக்கும் வீடுகளுக்கு வழி ஒன்றுதான். ரீடிங் எடுத்த தேதியிலிருந்து 15 நாளுக்கு ஒருமுறை மீட்டரை நீங்களே பார்த்துக் குறித்து வையுங்கள். 45-ஆம் நாள் 370-ஐத் தாண்டியிருந்தால், மிச்சம் 15 நாள் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். ஏசி வீடு என்றால் அந்த 15 நாளில் தினம் இரண்டு மணி நேரம் குறைத்தாலே 15 யூனிட்டுக்கு மேல் மிஞ்சும்.

கேள்வி (மதுரை): முதலில் எதை மாற்ற வேண்டும்? டியூப்லைட்டா, ஃபேனா?

ஃபேன். சந்தேகமே வேண்டாம்.

பழைய சீலிங் ஃபேன் 75 வாட் எடுக்கும், பிஎல்டிசி ஃபேன் (கரண்ட் குறைவாக எடுக்கும் புதுவகை மோட்டார் போட்டது) 30 வாட் அளவு. தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 720 மணி நேரம். ஒரு ஃபேனுக்கு 32 யூனிட் மிச்சம், மூன்று ஃபேனுக்கு 97. மேலே கேட்ட திருச்சிக்காரர் மூன்று ஃபேனை மாற்றினால் 540 என்பது 443 ஆகும், பில் 1,446-க்கு இறங்கும். ஒரு பில்லுக்கு 930 ரூபாய் மிச்சம். ஃபேன் ஒன்று 3,000 என்றாலும் பத்து பில்லில் போட்ட பணம் வந்துவிடும். 200 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு இதே ஃபேன் தண்டச்செலவு. அங்கே ஒரு யூனிட் மிச்சம் என்பது 2.35 ரூபாய்தான். பழையது பழுதாகும்போது மாற்றிக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். ராத்திரி படுக்கும் அறை ஃபேன் முதலில். பிஎல்டிசி ஃபேனுக்கு ரிமோட்டோ தனிக் கட்டுப்பாடோ கூடவே வரும். சுவரில் உள்ள பழைய ரெகுலேட்டரை எடுத்துவிட்டு நேராக இணைக்கச் சொல்லுங்கள். ரெகுலேட்டர் வழியாக ஓட்டினால் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு சீக்கிரம் போகும். பெரும்பாலான புகார் இதனால்தான் வருகிறது.

டியூப்லைட்: பழைய சோக் போட்டது ஏறக்குறைய 50 வாட், எல்இடி 20 வாட். தினம் ஐந்து மணி நேரத்துக்கு இரண்டு மாதத்தில் 9 யூனிட் மிச்சம். நல்லதுதான், ஆனால் அவசரமில்லை.

கேள்வி (சேலம்): செல்போன் சார்ஜரைப் பிளக்கிலிருந்து பிடுங்கி வைத்தால் கரண்ட் மிச்சமாகுமாமே?

இரண்டு மாதத்துக்கு ஒரு யூனிட் கூடத் தேறாது. செட்டாப் பாக்ஸைக் கவனியுங்கள். ரிமோட்டில் அணைத்தாலும் பல பாக்ஸ்கள் 10 வாட் இழுத்துக்கொண்டே இருக்கும். இரண்டு மாதம் முழுக்க அது 14 யூனிட். சுவர் சுவிட்சில் அணையுங்கள்.

அதைவிடப் பெரிய திருடன் வீட்டு இன்வெர்ட்டர். பேட்டரி வயதாகிவிட்டால் சார்ஜ் நிறையாமல் நாள் முழுக்க இழுத்துக்கொண்டே இருக்கும். பேட்டரியைத் தொட்டால் எப்போதும் சூடாக இருக்கிறதா, டிஸ்டில்டு வாட்டர் அடிக்கடி குறைகிறதா என்று பாருங்கள். இரண்டுமே இருந்தால் பேட்டரிக்கு முடிவு நெருங்கிவிட்டது.

கேள்வி (கோவை): எந்தப் பொருள் எவ்வளவு இழுக்கிறது என்று கருவி வாங்காமல் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். மீட்டரில் சிவப்பாக ஒரு சின்ன விளக்கு மினுக்கும். பக்கத்தில் 3200 அல்லது 1600 என்று அச்சிட்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு அத்தனை மினுக்கு என்று அர்த்தம். 3200 மீட்டர் என்றால், ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மினுக்குகிறது என்று எண்ணி 18.75-ஆல் பெருக்குங்கள், வாட் கிடைக்கும். 1600 என்றால் 37.5. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரு ஃபேனை மட்டும் போட்டால் நிமிடத்துக்கு நான்கு முறை மினுக்கும்: 75 வாட். ஏற்ற இறக்கம் இருந்தால் ஐந்து நிமிடம் எண்ணி ஐந்தால் வகுத்துக்கொள்ளுங்கள்.

இதிலேயே இன்னொரு சோதனையும் உண்டு. ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர் உட்பட எல்லாப் பிளக்கையும் பிடுங்குங்கள், சுவிட்சுகளை அணையுங்கள், மெயினை மட்டும் ஆனில் விடுங்கள். விளக்கு இன்னும் மினுக்கினால் வயரிங்கில் கசிவு இருக்கிறது, அல்லது பொது மோட்டாரோ மாடிப்படி விளக்கோ உங்கள் மீட்டரில் ஓடுகிறது. கசிவென்றால் காசு மட்டும் போகாது, ஷாக்கும் அடிக்கும்; உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மீட்டருக்குப் பின்னால் வரும் மெயினை அணைத்த பிறகும் மினுக்கினால்தான் மீட்டர் மேல் சந்தேகப்பட வேண்டும். மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துக் கட்டணம் கட்டினால் சோதித்துத் தருவார்கள்.

கேள்வி (வேலூர்): ஒன்றரை டன் ஏசி. 3 ஸ்டாரா 5 ஸ்டாரா?

ஸ்டார் லேபிளில் ஆண்டுக்கு 1,600 மணி நேரக் கணக்கில் யூனிட் போட்டிருக்கும். கடையில் இரண்டு லேபிளையும் ஒப்பிட்டால் வித்தியாசம் சுமார் 200 யூனிட் வரும். கோடையில் மூன்று மாதம் ராத்திரி மட்டும் போடுபவருக்கு அது 700 மணி நேரம்தான். ஆண்டுக்கு 90 யூனிட் மிச்சம், 500-க்கு மேல் இருக்கும் வீட்டில் 750 ரூபாய். 5 ஸ்டாருக்கு 8,000 கூடக் கொடுத்தால் பத்து வருஷத்துக்கு மேல் ஆகும். அவர்களுக்கு 3 ஸ்டார் இன்வெர்ட்டர் ஏசியே போதும். வருஷத்தில் எட்டு மாதம் ஓடும் வீட்டுக்கு 5 ஸ்டார்.

வாங்கிய பிறகு 26-இல் வைத்து ஃபேனை மெதுவாக ஓட விடுங்கள். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மிச்சம். ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீட்டிலேயே கழுவலாம், அதற்கு ஆள் வேண்டாம்.

கேள்வி (தஞ்சாவூர்): ராத்திரி ஃப்ரிட்ஜை அணைத்து வைத்தால்?

மிச்சம் பெயருக்குத்தான். காலையில் போட்டதும் இழந்த குளிர்ச்சியைத் திரும்பப் பிடிக்க கம்ப்ரசர் கூடுதல் நேரம் ஓடும். பாலும் மாவும் கெடுவது தனி நஷ்டம். கதவு ரப்பரில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். பிடிக்காமல் வழுக்கி வந்தால் அந்த இடத்தில் குளிர் கசிகிறது. ரப்பரைச் சோப்புத் தண்ணீரில் துடைத்தும் சரியாகாவிட்டால் மாற்ற வேண்டும்.

கேள்வி (ஓசூர்): அண்ணா, இன்டக்ஷன் லாபமா, கேஸ் லாபமா?

மின்கட்டணத்தில் எந்த ஸ்லாபில் (யூனிட் விலைப் படியில்) இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 14.2 கிலோ சிலிண்டரில் உள்ள எரிசக்தி சுமார் 180 யூனிட்டுக்குச் சமம். அடுப்பில் மூன்றில் ஒரு பங்கு பாத்திரத்துக்கு வெளியே போய்விடும். இன்டக்ஷனில் வீணாவது குறைவு. எல்லாம் கழித்தால் ஒரு சிலிண்டர் வேலையை இன்டக்ஷன் சுமார் 140, 145 யூனிட்டில் முடிக்கும். சிலிண்டர் 870 ரூபாய் என்றால், யூனிட் 6 ரூபாய்க்குக் கீழே இருக்கும் வரை இன்டக்ஷன் மலிவு.

ஆக 300 யூனிட் ஆகும் வீட்டில் பால், காபித் தண்ணீர், சாதம் மூன்றையும் இன்டக்ஷனுக்கு மாற்றினால் லாபம். 450-இல் இருப்பவர் மாற்றினால் 500-ஐத் தாண்டி மொத்தமும் அடிவாங்கும். அவருக்குக் கேஸ்தான் மலிவு.

கேள்வி (நாகர்கோவில்): முன்பு 45 நாள் வந்த சிலிண்டர் இப்போது 32 நாளில் தீர்கிறது. எடை குறைவாகத் தருகிறார்களோ?

டெலிவரி எடுக்கும்போதே எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. சிலிண்டரின் கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டைகளில் காலி எடை எழுதியிருக்கும், அதோடு 14.2 கூட்டினால் வர வேண்டிய எடை. அங்கேயே ஏ, பி, சி, டி எழுத்தோடு ஓர் ஆண்டும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, பி ஏப்ரல் முதல் ஜூன், அப்படியே டி வரை. அடுத்த சோதனை எப்போது என்பதுதான் அது. தேதி தாண்டிய சிலிண்டரை வாங்காதீர்கள்.

எடை சரியென்றால் பர்னரைப் பாருங்கள். சுவாலை மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடி கரி பிடித்தால் காற்று சரியாகக் கலக்கவில்லை. பர்னர் தலையைக் கழற்றி, வெந்நீரில் ஊறவைத்து, துளைகளை ஊசியால் குத்தி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் மறுபடி மஞ்சளாகத்தான் எரியும். டியூப் இணைப்பில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். தீக்குச்சி கொளுத்திச் சோதிக்காதீர்கள். ஆரஞ்சு டியூபை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

மற்றது சமைக்கும் முறை. குக்கரில் முதல் விசில் வந்ததும் தீயைச் சிறியதாக்குங்கள். அடுத்தடுத்து விசில் அடிக்க விடுவது நீராவியை வெளியே தள்ளுவதுதான். உள்ளே இருக்கும் வெப்பம் அதனால் கூடுவதில்லை. கொண்டைக்கடலை எட்டு மணி நேரம் ஊற வேண்டும், துவரம் பருப்பு அரை மணி நேரம். சிறிய பாத்திரத்தைப் பெரிய பர்னரில் வைத்துச் சுவாலை பக்கவாட்டில் ஏறினால் அவ்வளவும் வீண்.

கேள்வி (விழுப்புரம்): டேங்க் அரை மணியில் நிறையும். இப்போது ஒரு மணி நேரம் ஆகிறது. ஒரு எச்பி மோட்டார்.

அது மணிக்கு ஒரு யூனிட் எடுக்கும். தினம் அரை யூனிட் கூடுதல், பில்லுக்கு 30. மேலே வைத்த மோட்டாருக்கு ஒவ்வொரு முறையும் தண்ணீர் ஊற்றினால்தான் இழுக்கிறது என்றால் ஃபுட் வால்வு (உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கும் வால்வு) கசிகிறது. ஊற்றாமலே இழுத்தாலும் மெதுவாக வந்தால் உறிஞ்சு குழாய் இணைப்பில் காற்று புகுகிறதா, கப்பாசிட்டர் பலவீனமா என்று பார்க்கச் சொல்லுங்கள். கப்பாசிட்டர் மலிவான சாமான். அதற்காக மோட்டாரையே ரீவைண்டிங் செய்யச் சொன்னால் இன்னொரு மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

கேள்வி (தாம்பரம்): ஆர்ஓ இயந்திரம் வாங்கலாமா?

முதலில் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) காட்டும் மீட்டர் ஒன்று வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான். குடிநீருக்கு ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்கிறது இந்தியத் தரநிலை. உங்கள் தண்ணீர் அதற்குள் இருந்தால் ஆர்ஓ வேண்டாம், புற ஊதா ஒளியால் கிருமியைக் கொல்லும் யூவி இயந்திரம் போதும், அல்லது கொதிக்க வைத்துக் குடிக்கலாம். ஆர்ஓ ஒரு லிட்டர் தர இரண்டு மூன்று லிட்டரைக் கழிக்கும். அந்தத் தண்ணீர் தரை துடைக்க, கழிவறைக்கு ஆகும். உப்பு கூடுதல் என்பதால் செடிக்கு ஊற்ற வேண்டாம்.

ஆர்ஓவில் உப்பை வடிகட்டும் மெம்ப்ரேனை வருஷா வருஷம் மாற்றச் சொல்வார்கள். உள்ளே போகும் தண்ணீரின் டிடிஎஸ் 800, குடிக்க வெளியே வருவது 60 என்றால் அது நன்றாகவே இருக்கிறது.

கேள்வி (சென்னை): வாடகை வீடு. சப்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 10 ரூபாய் வாங்குகிறார் ஓனர். மாசம் 90 யூனிட் ஆகிறது.

இரண்டு மாதத்துக்கு 180 யூனிட், நீங்கள் கொடுப்பது 1,800. தனி இணைப்பு இருந்தால் 188 ரூபாய். ஓனர் கொள்ளை அடிக்கிறார் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். இரண்டு குடும்பமும் ஒரே இணைப்பில் இருந்தால் அவர் 500-ஐத் தாண்டி உண்மையிலேயே எட்டு, ஒன்பது ரூபாய் கட்டிக்கொண்டிருக்கலாம். தனிச் சமையலறையோடு பிரிந்த பகுதி என்றால் தனி இணைப்புக்கு விண்ணப்பிக்கச் சொல்லிப் பேசுங்கள். ஆகும் செலவில் பாதியை நீங்கள் ஏற்றாலும் ஒரு வருஷத்தில் மிஞ்சும் பணம் அதிகம், அவர் பில்லும் இறங்கும்.

கேள்வி (ஈரோடு): சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்கே மாசம் 2,500 ஆகிறது.

மாத்திரை அட்டையில் பெரிதாக இருப்பது கம்பெனி வைத்த பெயர். சின்ன எழுத்தில் இருப்பதுதான் மருந்து. அந்தப் பெயரையும் மில்லிகிராமையும் எழுதிக்கொண்டு மக்கள் மருந்தகத்திலோ, 2025 பிப்ரவரியில் தமிழக அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலோ கேளுங்கள். பெயருக்குப் பின்னால் எஸ்ஆர், எக்ஸ்எல் என்று இருந்தால் அதுவும் அப்படியே பொருந்த வேண்டும். அது மெதுவாகக் கரையும் மாத்திரை. வலிப்பு, தைராய்டு மருந்துகளை மட்டும் டாக்டரைக் கேட்காமல் கம்பெனி மாற்ற வேண்டாம்.

கேள்வி (திருப்பூர்): கிரெடிட் கார்டில் 40,000 பாக்கி. மினிமம் கட்டிக்கொண்டு வருகிறேன், குறையவே மாட்டேன் என்கிறது.

லேசில் குறையாது. மினிமம் 5 சதவீதம் என்றால் 2,000 கட்டுகிறீர்கள். மாத வட்டி 3.5 சதவீதம் என்று வைத்தால் 1,400, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 252. அசலுக்குப் போவது 348 ரூபாய். வீட்டில் நகை இருந்தால் வங்கியில் அடகு வைத்து மொத்தமாக அடைத்துவிடுங்கள். அங்கே வட்டி இதில் மூன்றில் ஒரு பங்கு கூட வராது. நகை இல்லையென்றால் பாக்கியைத் தவணையாக மாற்றித் தரச் சொல்லிக் கார்டு வங்கியிடம் கேளுங்கள், வட்டியோடு கட்டணத்தையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள். பாக்கி முழுக்கத் தீரும்வரை அந்தக் கார்டில் எதுவும் வாங்காதீர்கள். பாக்கி இருக்கும்போது வட்டியில்லா நாட்கள் கிடையாது. வாங்கிய அன்றே வட்டி ஓட ஆரம்பிக்கும்.