எங்கள் ஊர்த் தோட்டக்காணியில் எழும்பும் மாடி வீடுகளைப் பற்றி ஊரில் கதைப்பதை நம்பலாமா?

கேட்டவர் எழுதியதன் சுருக்கம்: யாழ்ப்பாண நகருக்கு வெளியே, அவருடைய வீட்டுக்குப் பக்கத்துத் தோட்டக்காணியைத் தகரம் அடித்து மறைத்துவிட்டு அத்திவாரம் வெட்டுகிறார்கள். ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். எதை நம்புவது, விலை ஏறும் முன் பக்கத்தில் காணி வாங்கி வைக்கலாமா என்று கேட்கிறார்.

உங்கள் வீடு செம்மண் பக்கம், இன்னும் கிணற்றுத் தண்ணீர்தான் குடிக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். கோண்டாவிலோ இணுவிலோ உரும்பிராயோ, எந்த ஊர் என்றாலும் நான் சொல்வது மாறாது.

யார் விற்றார், யார் வாங்கினார், யாரைக் கொண்டுவந்து இருத்தப் போகிறார்கள் என்ற கதைகளில் ஒன்றையும் நம்ப வேண்டாம். மலக்குழி எங்கே வருகிறது, மாரி வெள்ளம் எந்தப் பக்கம் ஓடும், அத்தனை குடும்பத்துக்கும் தண்ணீர் எங்கிருந்து எடுக்கப் போகிறார்கள் என்பவற்றை இப்போதே போய்க் கேளுங்கள். இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. இப்படி ஒரு கட்டிடத்தைப் பற்றி ஊர் கதைத்த கதை எங்கள் மாமியைப் படுத்திய பாட்டை நான் கிட்ட இருந்து பார்த்தவள்.

எங்கள் வளவுக்குக் கிழக்கே இருந்த 14 பரப்புத் தோட்டம் அப்பாவின் தங்கையான அந்த மாமியுடையது. (வெளியூரில் இருந்து வாசிப்பவர்களுக்கு: 16 பரப்பு ஓர் ஏக்கர்.) மாமாவும் மாமியும் வெங்காயமும் புகையிலையும் செய்த மண். 1995 இடப்பெயர்வில் விட்டுப் போய், திரும்பி வந்து, பற்றை வெட்டி மறுபடி தோட்டமாக்கினார்கள். மாமா இறந்தபிறகு மாமி அதைக் குத்தகைக்குக் கொடுத்தார். குத்தகைக்குச் செய்தவருக்கும் வயது போய்விட்டது, அவருடைய பிள்ளைகள் மண்வெட்டி பிடிக்கத் தயாரில்லை. மாமியின் பிள்ளைகள் இருவரும் கனடாவிலும் பிரான்சிலும் அந்தந்த நாட்டுப் பிரஜைகள். முழங்கால் சத்திரசிகிச்சை, மருந்து, தனிமை. விற்பதைத் தவிர அவருக்கு வேறு வழி என்ன இருந்தது என்று எனக்குச் சொல்லுங்கள்.

இனிக் கிணறு. எங்கள் பக்கத்து உறுதிகளில் (காணிப் பத்திரங்களில்) காணியோடு கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் சேர்த்தே எழுதியிருக்கும். இந்தக் கிணறு அப்பப்பா வெட்டியது. எல்லையோரமாக, எங்கள் பக்கத்தில் இருக்கிறது. இரண்டு காணிக்கும் சரிபாதி. வாங்க வந்தவர்களுக்கும் அது தெரியும். தரகர் வந்து, "அம்மா, கிணற்றுப் பங்கையும் சேர்த்து எழுதினால்தான் இந்த விலை" என்றார். மாமி யோசிக்கவேயில்லை. "அப்ப அந்த விலை எனக்கு வேண்டாம்" என்றார். விற்பதற்கு முன்பே நொத்தாரிசிடம் போய், கிணற்றில் தன் பங்கை எங்கள் பெயருக்கு நன்கொடை உறுதியாக எழுதி முடித்தார். அதற்குப் பிறகுதான் காணியைக் குறைந்த விலைக்குக் கொடுத்தார். அந்தக் குறைந்த பணம் அவருக்குத் தேவையில்லாத பணம் அல்ல. தேவைப்பட்ட பணம்.

தகரம் அடித்த கிழமையே கதை தொடங்கிவிட்டது. ஹோட்டல் வருகிறது. கலியாண மண்டபம் வருகிறது. சீனாக்காரன் வாங்கிவிட்டான். ஒரு அமைச்சருடைய பினாமிக் காணி. ஆமிக்காரருக்கு விடுதி கட்டுகிறார்கள். தெற்கில் இருந்து குடும்பங்களைக் கொண்டுவந்து இருத்தப் போகிறார்கள். இவ்வளவுக்கும் நடுவில் எங்கள் வீட்டுக்குள் வந்து விழுந்த கதை இதுதான்: "மனுசி கிணத்தையும் சேத்து வித்துப்போட்டுது. இனி எல்லாற்ற தண்ணியும் போச்சு." இதைச் சொன்னவர்களில் சிலர் எங்கள் கிணற்றில் அள்ளிக் குடித்து வளர்ந்தவர்கள். மாமி கோயிலுக்குப் போவதை நிறுத்தினார். திருவிழாவுக்குக்கூடப் போகவில்லை. உறுதியைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் காட்டவா முடியும்?

சொந்த மாமி என்பதால் பேசுகிறாள் என்று யாராவது கீழே எழுதலாம். ஓம், என் மாமிதான். ஆனால் அந்த உறுதி காணிப் பதிவகத்தில் பதிந்து கிடக்கிறது. கட்டணம் கட்டினால் யாரும் போய்ப் பார்க்கலாம். அங்கே தேடிப் பார்க்க ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை.

"நீங்கள்தானே பக்கத்துக் காணிக்காரர், தேசவழமைப்படி முன்னுரிமை கேட்டுத் தடுத்திருக்கலாமே" என்றும் சிலர் கேட்டார்கள். தேசவழமை என்பது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம்; முன்னுரிமை என்பது மற்றவருக்கு விற்கும் முன் தனக்கு விற்கக் கேட்கும் உரிமை. அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பக்கத்துக் காணிக்காரர் என்பதற்காக அந்த உரிமை வருவதில்லை. 1947ஆம் ஆண்டின் முன்கொள்வனவுக் கட்டளைச் சட்டம் அதைப் பிரிபடாத காணியின் பங்காளிகளுக்கும், விற்கிறவருக்கு வாரிசாக வரக்கூடியவர்களுக்கும் என்று சுருக்கிவிட்டது. எங்கள் காணிகள் அப்பா காலத்திலேயே அளந்து பிரித்து உறுதி முடித்தவை. அப்படி உரிமை இருந்திருந்தாலும் விலையைக் கட்டித்தான் வாங்க வேண்டும். அந்தக் காசு எங்களிடம் இல்லை.

குடியேற்றக் கதையை நான் எளிதாகத் தள்ளவில்லை. 1990இல் போரில் வலிகாமம் வடக்கை விட்டு ஓடியவர்களில் இன்னும் தங்கள் காணியில் கால் வைக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். மறைப்பு அடித்த காணியைக் கண்டால் எங்கள் சனத்துக்கு நெஞ்சு பதறுவது நியாயம்தான். ஆனால் பதறுகிற மனுசர் போய்க் கடதாசியைப் பார்க்க வேண்டாமா?

நான் பார்த்தேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதற்குத்தான் இருக்கிறது. உள்ளூராட்சி மன்றத்தில் தகவல் அலுவலர் என்று ஒருவர் இருப்பார். எழுத்தில் கேட்டால், தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாளுக்குள் சொல்ல வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எனக்குக் கிடைத்த பிளானில் இருந்தது இவ்வளவுதான்: கீழே வாகனம் விட இடம், மேலே நான்கு மாடி, 24 குடியிருப்புகள். ஹோட்டலும் இல்லை, விடுதியும் இல்லை.

அப்போ யாருக்காகக் கட்டுகிறார்கள்? பெரும்பாலும் வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஆட்களுக்குத்தான். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தின்படி வெளிநாட்டுப் பிரஜைகள் இங்கே காணி வாங்க முடியாது. கோண்டாவிலில் பிறந்து கனடாப் பிரஜையான ஒருவரும், இரட்டைக் குடியுரிமை எடுக்காவிட்டால், இந்தச் சட்டத்துக்கு வெளிநாட்டவர்தான். மாடிக் குடியிருப்புக்கு விலக்கு வைத்தார்கள். முழுப் பணமும் வெளிநாட்டில் இருந்து வங்கி வழியாக வர வேண்டும் என்ற நிபந்தனையோடு, முதலில் நான்காம் மாடிக்கும் அதற்கு மேலும் என்று இருந்தது. பிறகு திருத்தமும் வந்தது. ஆகவே வாங்குகிறவர்கள் சட்டத்தரணியிடம் கேட்டே நடக்க வேண்டும். தோட்டத்துக்கு நடுவில் மாடி ஏன் எழும்புகிறது என்பதற்கு இது பெரிய காரணம். வளவு கூட்ட ஆள் இல்லாத வயதானவர்கள், இங்கே வேலைக்கு வரும் வைத்தியர்கள், வங்கிக்காரர்கள் என்று மற்றவர்களும் வாங்குகிறார்கள்.

ஆனால் அந்தப் பிளானில் எனக்கு நித்திரை வராமல் செய்த ஒன்று இருந்தது. 24 குடியிருப்புகளின் கழிவுக் குழியும் எங்கள் கிழக்கு எல்லையோரமாக, கிணற்றுக்குக் கிட்ட வரைந்திருந்தது.

குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. நிலத்துக்குக் கீழே சுண்ணக்கல். வெடிப்பும் பொந்துமாக இருக்கும் கல். மழைத் தண்ணீர் அதற்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேலே நன்னீராகத் தங்குகிறது. அதைத்தான் நாம் அள்ளுகிறோம். அளவுக்கு மேல் இறைத்தால் உப்பு மேலே வரும். குழிக்குள் விட்டால் விட்டது கிணற்றுக்குப் போகும். சுன்னாகத்தில் கழிவெண்ணெய் கிணறு கிணறாகப் பரவி, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய் 2019இல் தீர்ப்பு வந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். குடிநீரில் நைத்திரேற் லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. வலிகாமத்தில் அதைத் தாண்டிய கிணறுகள் ஏற்கெனவே உண்டு. பசளையும் மலக்குழியும் சேர்ந்து செய்த வேலை. யாழ்ப்பாணத்தில் நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய்த் தொகுதி இல்லை. எந்த மாடி கட்டினாலும் கழிவு அந்தக் காணிக்குள்ளேயே இறங்க வேண்டும், அல்லது பவுசரில் (தாங்கி லொறியில்) போக வேண்டும். தாளையடிக் கடல்நீர்த் திட்டம் 2024இல் திறந்தாயிற்றே, இனிக் கிணறு எதற்கு என்று கேட்பவர்களுக்கு: குழாய் எல்லா ஒழுங்கைக்கும் வந்து சேரவில்லை. வந்தாலும், இருக்கிற நல்ல கிணற்றை நஞ்சாக்க அது ஒரு காரணமா?

மனு எழுதினேன். குழியைக் கிழக்கே தள்ள வேண்டும், கழிவைச் சுத்திகரித்த பிறகே நிலத்துக்குள் விட வேண்டும், ஒழுங்கைப் பக்கத்து வெள்ள வாய்க்காலை மதில் கட்டி அடைக்கக்கூடாது என்று கேட்டேன். கையெழுத்துக்கு வீடு வீடாகப் போனேன். சீனாக்காரன், ஆமிக்காரன் என்று கதை கதையாகச் சொன்னவர்கள் கையெழுத்து வைக்கவில்லை. "எங்களுக்கு ஏன் வீண் பிரச்சினை" என்றார்கள். மாமியைப் பழித்த வாய் ஒரு கடதாசிக்குத் திறக்கவில்லை. என் மனம் அதில்தான் மிகவும் நொந்தது. கையெழுத்து வைத்தவர்கள் வாடகைக்கு இருந்த ஒரு குடும்பம், வாழைத்தோட்டக்காரர் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், இன்னும் சிலர். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்தார். கட்டிடக்காரர்களின் பொறியியலாளரும் வந்தார். ஒரு இளம் பொடியன், மரியாதையாகக் கதைத்தான். கடைசியில் குழி கிழக்கு மூலைக்குப் போனது. சுத்திகரிப்புத் தொட்டியும் பிளானில் ஏறியது. வாய்க்கால் மட்டும் சரிவரவில்லை. மதில் வந்துவிட்டது. கார்த்திகை மழைக்கு ஒழுங்கையில் தண்ணீர் நிற்கிறது. அதற்கு இன்னும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அபிவிருத்திக்கு எதிரி என்று என்னை எழுத வேண்டாம். வீடு கட்டத்தான் வேண்டும். காணி துண்டு துண்டாகப் போன ஊரில் மேலே கட்டுவதைத் தவிர வேறு வழி குறைவு என்றும் எனக்குத் தெரியும்.

இதோடு சேர்த்து ஒன்று சொல்லாமல் விட முடியவில்லை. கேட்டதற்குச் சம்பந்தம் இல்லை என்றாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த மாடி வீடுகள் வந்ததில் இருந்து சீதனப் பேச்சின் தொனியே மாறிவிட்டது. முன்பு வீடு வளவு கேட்டார்கள். பிறகு கொழும்பு வெள்ளவத்தையில் பிளற் கேட்டார்கள். இப்போது "வெள்ளவத்தையில ஒண்டு, இஞ்ச ஒண்டு" என்று கேட்கிற ஆட்கள் இருக்கிறார்கள். என் தங்கையின் மகள் நன்றாகப் படித்து உத்தியோகம் பார்க்கிற பிள்ளை. வந்த ஒரு பகுதி அவள் என்ன படித்தாள் என்று கேட்கவில்லை, எத்தனையாம் மாடி என்று கேட்டது. அந்த மாடியை வாங்க அந்தப் பிள்ளையின் தகப்பன் எந்தத் தோட்டத்தை விற்பார், விற்றால் அவரையும் ஊர் என்ன சொல்லும் என்று யாராவது யோசிக்கிறார்களா?

சரி, உங்கள் இரண்டாவது கேள்வி. பக்கத்தில் காணி வாங்குவது. விலை ஏறும் என்ற கதையைக் கொண்டுவருகிறவர் தரகரா என்று முதலில் பாருங்கள். பல்கலைக்கழக விடுதி வரப்போகிறது, ஆஸ்பத்திரி வரப்போகிறது என்று சொல்லி எங்கள் பக்கத்திலும் விற்றார்கள். ஒன்றும் வரவில்லை. வாங்குவதென்றால் தோம்பு (காணிப் பதிவகத்தில் இருக்கும் உரிமைப் பதிவு) பார்க்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம். அற்றோணி தத்துவத்தில் (உரிமையாளர் இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்த அதிகாரத்தில்) விற்கிறார்கள் என்றால், எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, அதை ரத்துச் செய்யவில்லையா என்று நேரில் விசாரியுங்கள். விற்பவர் தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் என்றால் கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டுமா என்று சட்டத்தரணியிடம் கேளுங்கள். பிரிபடாத பங்கு என்றால் பங்காளிகளுக்கு அறிவித்தல் கொடுத்தாயிற்றா என்று கேளுங்கள். வயல் காணியை நிரப்பிக் கொடுக்கிறார்கள் என்றால் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். மாடியிலேயே ஒரு வீடு வாங்க நினைத்தால், கூட்டாதன வரைபடம் (ஒரே கட்டிடத்தில் ஒவ்வொரு வீட்டையும் தனி உரிமையாகப் பிரித்துக் காட்டும் வரைபடம்) பதிவாகும் வரை உங்கள் கையில் இருப்பது உடன்படிக்கை மட்டும்தான், உறுதி இல்லை.

அத்திவாரம்தான் வெட்டுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. கொங்கிரீட் போட்டபிறகு குழியை மாற்றச் சொன்னால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். இந்தக் கிழமையே தகவல் விண்ணப்பத்தைக் கொடுங்கள். பிளான் கிடைத்ததும் உங்கள் கிணற்றில் இருந்து குழி வரைக்கும் நாடா பிடித்து அளந்து அந்த அளவை இங்கே எழுதுங்கள். நாங்கள் கொடுத்த மனுவின் பிரதி என்னிடம் இருக்கிறது. பெயர்களை எடுத்துவிட்டு அனுப்புகிறேன்.