சூட்கேஸ் தொலைந்தாலும் ஓட வேண்டும்

கேள்வி: நான் 800 மீட்டர் ஓடுகிறேன். இதுவரை பயிற்சி எல்லாம் திருகோணமலையில்தான், கொழும்பில் போட்டி என்றாலும் மறுநாளே வீடு. இந்த வருடம் மாகாண அணியில் எடுத்திருக்கிறார்கள். நுவரெலியாவில் முகாம், பிறகு தியகமவில் போட்டி, அதன்பிறகு இந்தியாவில் ஒரு போட்டி, மாதக்கணக்கில் வீட்டுப் பக்கம் வர முடியாது. அம்மா இப்போதே பெரிய சூட்கேஸ் ஒன்றை நிரப்பத் தொடங்கிவிட்டார். எதை எடுப்பது, எதை விடுவது? என் தலையணை இல்லாமல் நித்திரையும் வராது.
- வாசகி, உவர்மலை

பதில்: தங்கச்சி, அம்மா நிரப்பட்டும். அந்தச் சூட்கேஸ் தொலைந்தாலும் மறுநாள் காலை உங்களால் ஓட முடிய வேண்டும், அவ்வளவுதான். அதற்கு ஒரு முதுகுப் பை வேண்டும். ஸ்பைக்ஸ் (அடியில் ஆணி பூட்டிய ஓட்டச் சப்பாத்து), போட்டி ஜேர்சி, காற்சட்டை, ஸ்போர்ட்ஸ் பிரா, நம்பர் குத்த ஊக்கு, அடையாள அட்டை, பாஸ்போர்ட், உங்களுக்குப் பழகிய நாப்கின், இவை அதற்குள். ஹபரணை, தம்புள்ளை என்று இரவெல்லாம் போகிற பஸ்ஸில் கொண்டக்டர் "டிக்கியில் போடுங்க" என்பார். சூட்கேஸைக் கொடுங்கள், இது மடியில் இருக்கட்டும்.

ஸ்பைக்ஸ் தொலைந்தால் பயிற்சிச் சப்பாத்தோடு சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். 2024 நவம்பரிலிருந்து உலகத் தடகள விதிப்படி டிராக் போட்டிகளில் அடிப்பாகத் தடிப்பு 20 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, நாம் ரோட்டில் ஓடுகிற மெத்தென்ற சப்பாத்துகள் பல அதைத் தாண்டும். விமானத்தில் போகும்போது ஸ்பைக்ஸின் ஆணிகளைக் கழற்றி, அவற்றைத் திருகும் சாவியோடு சூட்கேஸில் போட்டுவிட்டு, சப்பாத்தை மட்டும் கையில் வைத்திருங்கள், பாதுகாப்புச் சோதனையில் வாக்குவாதம் இருக்காது. ஆணி தொலைந்தால் யாரிடமாவது இரவல் வாங்கலாம், உங்கள் காலுக்குப் பழகிய சப்பாத்தை யாரிடம் வாங்குவது? சிந்தெடிக் தளத்தில் 800 மீட்டருக்கு ஆணி 9 மில்லிமீட்டருக்கு மேல் நீளக் கூடாது, அதையும் பார்த்து வாங்குங்கள்.

உடுப்பு விஷயத்தில்தான் எல்லோரும் பையைக் கெடுப்பது. திருகோணமலையில் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் காலையில் துவைத்துப் போட்டது மத்தியானத்துக்குள் மொறுமொறு என்று காய்ந்துவிடும், அந்தக் கணக்கை நுவரெலியாவுக்குக் கொண்டு போகாதீர்கள். 1,800 மீட்டருக்கு மேல் உள்ள ஊர், மழையும் பனிமூட்டமும் சேர்ந்தால் இரண்டு நாளானாலும் ஈரம் போகாது. அதற்காகப் பத்து சோடி வேண்டாம், பயிற்சி உடுப்பு மூன்று சோடி போதும், ஆனால் பருத்தி வேண்டாம், எல்லாம் மெல்லிய பொலியெஸ்டராக இருக்கட்டும். குளித்த கையோடு துவையுங்கள். பிழிந்த சேர்ட்டைக் காய்ந்த துவாயின் மேல் விரித்து, இரண்டையும் சேர்த்து இறுக்கமாகச் சுருட்டி, சுருளின் மேல் ஏறி நின்று நன்றாக மிதியுங்கள். பாதி ஈரம் துவாய்க்குப் போய்விடும், மிச்சம் கொடியில் விடிவதற்குள் அநேகமாகக் காய்ந்துவிடும். (கொடிக்கு நைலோன் கயிறு எடுங்கள், விடுதிகளில் ஜன்னல் கம்பிக்குத்தான் அடிபிடி.) நனைந்த சப்பாத்துக்குள் பழைய பேப்பரைத் திணித்து, அது ஊறியதும் மாற்றுங்கள். ஹீட்டர் பக்கத்தில் வைத்தால் பசை விட்டுவிடும். கம்பளித் தொப்பி, கையுறை, முழுக்கால் டைட்ஸ், மழை ஜாக்கெட் ஆகியவற்றுக்குச் சூட்கேஸில் இடம் விடுங்கள், நம்மூர் ஆட்கள் மறப்பது இவற்றைத்தான்.

மருந்தில் மட்டும் அம்மாவோடு சண்டை போட்டாலும் பரவாயில்லை. மூக்கடைப்பு மாத்திரைகள் சிலவற்றில் இருக்கிற சூடோஎபெட்ரின் போட்டி நேரத்தில் அளவு மீறினால் ஊக்கமருந்துக் கணக்கில் சேரும், என்னென்ன கலந்தது என்று எழுதாத லேகியமும் ஆபத்துதான். தெரியாமல் குடித்தேன் என்று சொன்னால் தப்ப முடியாது, உடம்புக்குள் போனதற்கு நீங்கள்தான் பொறுப்பு. தடைப் பட்டியல் வருடா வருடம் ஜனவரி 1-ல் புதிதாக வரும், ஆகவே போன வருடம் சரியென்ற மாத்திரையையும் அணி வைத்தியரிடம் மறுபடி காட்டுங்கள். ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புச் சர்க்கரைத் தூள்) பக்கெட்டுகள் சில, பிளாஸ்டர், டேப் எடுத்தால் போதும்.

சாப்பாடா? எள்ளுருண்டையும் சத்துமாவும் எடுங்கள், எண்ணெய் மிதக்கிற சம்பல் போத்தல் வேண்டவே வேண்டாம், சூட்கேஸுக்குள் கசிந்தால் இந்தியா வரை மணக்கும். நம்மூர்ச் சதுரப் பின் சார்ஜர் இந்தியச் சுவரில் நுழையாது, அடப்டர் வாங்குங்கள். பவர் பாங்க் சூட்கேஸில் போகக் கூடாது, கையில்தான்.

அப்புறம் தலையணை. அது பாதிச் சூட்கேஸைத் தின்றுவிடும், உறையை மட்டும் எடுங்கள். விடுதியில் இருக்கிற தலையணைக்கு அதைப் போடலாம், பஸ்ஸில் ஜாக்கெட்டைச் சுருட்டி உள்ளே திணித்துக்கொள்ளலாம். நாலு நாள் அம்மா வீட்டிலேயே அப்படிப் படுத்துப் பாருங்கள். அப்படியும் நித்திரை வரவில்லை என்றால் எழுதுங்கள், சூட்கேஸிலிருந்து எதை வெளியே எடுப்பதென்று பார்ப்போம்.