வாசகர் கேள்வி - பதில்: காளான் படுக்கையில் பச்சைப் பூசணம்

கேள்வி: வைக்கோலை ஒன்றரை மணி நேரம் தளதளவென்று கொதிக்க வைத்துத்தான் சிப்பிக்காளான் படுக்கை போடுகிறோம். அப்படியும் பத்தாம் நாள் பச்சைப் பூசணம் பிடித்துவிடுகிறது. வித்து சரியில்லையா?
– வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: வித்தை, அதாவது படுக்கையில் விதைக்கும் காளான் இழையை, சந்தேகிக்கும் முன் அடுப்பைப் பாருங்கள். காளான் இழைக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. நொதிகளை வெளியே கசியவிட்டு, வைக்கோலை அங்கேயே செரித்து, கரைந்து வருவதை உறிஞ்சுகிறது. வைக்கோலின் நார்ப்பொருளான செல்லுலோஸை, தண்டுக்கு விறைப்புத் தரும் லிக்னின் காரை பூசியதுபோல் மூடியிருக்கும். அந்தக் காரையைப் பெயர்க்க சிப்பிக்காளானிடம் லாக்கேஸ், மாங்கனீஸ் பெராக்சிடேஸ் என்ற நொதிகள் உண்டு. பச்சைப் பூசணமான டிரைக்கோடெர்மாவுக்கு அந்தத் திறமை போதாது. ஆனால் கரைந்து கிடக்கும் சர்க்கரை கிடைத்தால் காளானை முந்திவிடும். போதாக்குறைக்கு, அதன் கைட்டினேஸ் நொதி காளான் இழையின் சுவரையே கரைக்கும். வைக்கோல் குழையக் குழையக் கொதித்தால் அந்தச் சர்க்கரை வெளியே வரும், நீங்களே அதற்குப் பந்தி விரிக்கிறீர்கள்.

5 செ.மீ. துண்டுகளாக நறுக்கி, 4 மணி நேரம் ஊறவைத்து, 80 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் வைத்தால் போதும். அந்த நீரை முழுக்க வடித்துக் கொட்டிவிடுங்கள். சர்க்கரை அதில்தான் போகிறது. உலர்த்திய பின் ஒரு பிடி எடுத்து இறுகப் பிழியுங்கள். உள்ளங்கை ஈரமாக வேண்டும், சொட்டக் கூடாது. இந்தச் சோதனையை மட்டும் ஒருநாளும் விடாதீர்கள். லாக்கேஸ் வேலை செய்ய ஆக்சிஜன் தேவை. நீர் கோத்த வைக்கோலில் காற்று புகாது, இழை நின்றுவிடும். படுக்கை போடும் பையின் நடுவில் எதிரெதிராக இரண்டு துளை இடச் சொல்வதும் இதற்காகத்தான். இழை பரவும்போது சூடு கிளம்பும். படுக்கையின் உள்ளே அறையைவிடச் சில டிகிரி கூடுதலாக இருக்கும். அறை 25-28 டிகிரியில் இருக்கட்டும், பைகளை நெருக்கி அடுக்காதீர்கள்.

பச்சை படர்ந்த பையைக் குடிலுக்குள் பிரிக்காதீர்கள். பூசணத்தின் வித்துத்தூள் பறந்து மற்றப் பைகளிலும் ஒட்டும். அப்படியே வெளியே கொண்டுபோய்ப் புதையுங்கள்.

கேள்வி: நறுக்கிய மொட்டுக்காளான் ஏன் பழுப்பாகிறது?
– வாசகர், உதகை

பதில்: டைரோசினேஸ் நொதியின் வேலை. செல் உடைந்ததும் அது உள்ளிருக்கும் ஃபீனால் பொருள்களை ஆக்சிஜனோடு சேர்த்துக் கறுக்க வைக்கிறது. கொதிநீரில் 2-3 நிமிடம் போட்டெடுத்தால் நொதி செயலிழக்கும். எலுமிச்சைச் சாறு கொஞ்ச நேரம் தள்ளிப்போடும், அவ்வளவே.