ஹட்டரைட் காலனிக்கு முதலாளி யார்?

கேள்வி: கனடாவின் ஆல்பர்ட்டாவில் இருக்கும் மகன், பக்கத்து ஹட்டரைட் காலனியில் முட்டை வாங்குகிறான். நம் ஏற்காட்டு எஸ்டேட் போல அதற்கும் முதலாளி உண்டா?
– வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: முதலாளி கிடையாது. ஹட்டரைட்டுகள் கூட்டாக வாழும் ஒரு கிறிஸ்தவப் பிரிவினர். நிலம், டிராக்டர், கோழிப்பண்ணை எல்லாமே பொதுச்சொத்து. 1528-ல் மொராவியாவில் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) தொடங்கிய வழக்கம் இது. இவர்களுக்குப் பெயர் தந்த யாக்கோபு ஹட்டரை 1536-ல் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் அவருடைய மத நம்பிக்கைக்காக எரித்துக் கொன்றார்கள். பின்னாளில் ரஷ்யாவில் குடியிருந்து, அங்கிருந்து 1874-ல் அமெரிக்காவின் டகோட்டாவுக்கு வந்தவர்கள், போர்ச்சேவையை மறுத்ததால் துன்புறுத்தப்பட்டு 1918 முதல் கனடாவுக்குப் பெயர்ந்தார்கள்.

காலனியின் தலைவர் போதகர். பணமும் வங்கியும் செயலாளர் கையில். அன்றாட வேலையைப் பிரித்துத் தருபவர் வயல் மேலாளர். இவர்களோடு சில மூத்தவர்கள் சேர்ந்ததே நிர்வாகக் குழு. ஞானஸ்நானம் பெற்ற ஆண்களுக்கு மட்டுமே வாக்கு. பெண்களுக்கு இல்லை என்பது குறைதான்.

போதகர் தேர்வு நம் உத்திரமேரூர்க் குடவோலையை நினைவூட்டும். மற்ற காலனிப் போதகர்கள் முன்னிலையில் முதலில் வாக்கெடுப்பு. போதிய வாக்கு பெற்றவர்களின் பெயர்களில் ஒன்றைச் சீட்டெடுத்து முடிவு செய்வார்கள். தேர்வானவர் உடனே முழுப் போதகர் ஆவதில்லை. சில ஆண்டுகள் பழகிய பிறகே அபிஷேகம்.

மக்கள்தொகை 120, 150 ஆனால் காலனி இரண்டாகப் பிரியும். புது நிலத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே பணம் சேர்க்க வேண்டும். தாமதித்தால் இளைஞர்களுக்குப் பொறுப்பான வேலை இருக்காது, குடும்பக் கட்சிகள் முளைக்கும்.