சரக்கு ரயில் பாதுகாப்புக்கு அமெரிக்க மாநிலங்கள் தனியாகச் சட்டம் போட முடியுமா?

முடியும், ஆனால் குறுகிய எல்லைக்குள்தான். 1970-ஆம் ஆண்டின் கூட்டாட்சி ரயில் பாதுகாப்புச் சட்டப்படி, ஒரு விஷயத்தில் மத்திய அரசு விதி வகுக்காத வரைதான் மாநிலம் கை வைக்கலாம். விதி வந்துவிட்டால், அந்த இடத்துக்கே உரிய ஆபத்து என்று காட்டினால் மட்டும் கூடுதல் கெடுபிடி விதிக்கலாம்.

ஒஹாயோவைப் பாருங்கள். 2023 பிப்ரவரி 3 அன்று ஈஸ்ட் பாலஸ்தீன் ஊரில் 38 பெட்டிகள் தடம் புரண்டன. ஒரு சக்கர பேரிங் சூடேறியதுதான் காரணம். தண்டவாளத்தோரச் சூடுமானிகளில் முதலாவது, வெளி வெப்பத்தைவிட 38 பாரன்ஹீட் டிகிரி கூடுதல் என்றது, அடுத்தது 103. அதற்கப்புறம் 20 மைலுக்கு எதுவுமே இல்லை. ஈஸ்ட் பாலஸ்தீன் மானி 253 காட்டி எச்சரித்தபோது காலம் கடந்துவிட்டது.

அடுத்த மாதமே மாநிலப் போக்குவரத்து பட்ஜெட்டோடு சேர்த்து ஒரு சட்டம் வந்தது. மானிகளை 10 முதல் 15 மைலுக்கு ஒன்றாக வைக்க வேண்டும், ரயிலில் குறைந்தது இரண்டு ஊழியர்கள் இருக்க வேண்டும். ஊழியர் விதியை எதிர்த்து ரயில் நிறுவனங்களின் சங்கம் வழக்குப் போட்டது. (விபத்துக்குள்ளான ரயிலில் மூன்று பேர் இருந்தார்கள்!) என்னைக் கேட்டால், மானி இடைவெளிதான் காரணத்தைத் தொடும் பகுதி.

லெவல் கிராசிங்கை நெடுநேரம் மறித்து நிற்கும் ரயிலுக்கு அபராதம் போட்ட ஒஹாயோவின் பழைய சட்டத்தை, மத்திய அரசின் அதிகாரம் என்று சொல்லி அம்மாநில உச்ச நீதிமன்றமே 2022-இல் தள்ளிவிட்டது.