துயர நாட்களில் குழந்தைகளின் விளையாட்டு: கேள்வி பதில்

மருத்துவமனைகளிலும் நிவாரண முகாம்களிலும் குழந்தைகளோடு பணிபுரியும் உளநல ஆலோசகர் ஒருவர், வாசகர்களின் கேள்விகளுக்கு அளித்த பதில்கள்.

கேள்வி: வெள்ள நிவாரண முகாம் ஒன்றில் தன்னார்வலராக இருக்கிறேன். அரிசியும் போர்வையுமே போதாத இடத்தில் விளையாட்டுப் பொருட்களுக்குப் பணம் செலவிடலாமா?

அரிசியும் போர்வையும் முதலில் வர வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவை முழுமையாகக் கிடைத்த பிறகுதான் விளையாட்டு என்று காத்திருக்கக் கூடாது. கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாட்டுடன் மருத்துவமனையில் சேர்க்கப்படும் குழந்தைகளுக்காக உலக சுகாதார நிறுவனம் வகுத்த பத்துப் படிகளில் ஒன்பதாவது, புலன்களைத் தூண்டும் விளையாட்டும் அன்பான ஆதரவும் ஆகும். அதற்கென நாள்தோறும் 15 முதல் 30 நிமிடம் ஒதுக்கச் சொல்கிறார்கள்.

ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1980களின் நடுவில் தொடங்கிய ஆய்வு இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த, வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளில் சிலருக்குச் சத்துணவும், சிலருக்கு விளையாட்டும், சிலருக்கு இரண்டும் கிடைத்தன. எஞ்சியோருக்கு இரண்டும் இல்லை. சுகாதாரப் பணியாளர் வாரம் ஒரு மணி நேரம் வீட்டுக்குச் சென்று, வீட்டில் கிடைக்கும் பொருட்களால் செய்த பொம்மைகளைக் கொண்டு குழந்தையோடு எப்படி விளையாடுவது என்று தாய்க்குக் காட்டினார். இது இரண்டாண்டுகள் நடந்தது. இருபது ஆண்டுகளுக்குப் பின் பார்த்தபோது, விளையாட்டுப் பயிற்சி பெற்றவர்களின் வருமானம் பெறாதவர்களைவிட ஏறத்தாழ 25 விழுக்காடு கூடுதலாக இருந்தது. சத்துணவு மட்டும் பெற்றவர்களிடம் அத்தகைய நீடித்த பலன் தென்படவில்லை. ஆகவே பொம்மைக்கடைக்குப் போக வேண்டாம். குழந்தைகளோடு உட்கார ஆள் தேடுங்கள்.

கேள்வி: வெள்ளத்தில் வீட்டை இழந்த என் ஏழு வயது மகன், பொம்மைகளைத் தண்ணீரில் மூழ்கடித்தே விளையாடுகிறான். தடுக்க வேண்டுமா?

தடுக்க வேண்டாம், ஆனால் அருகிலிருந்து கவனியுங்கள். 1976இல் கலிஃபோர்னியாவின் சௌசிலாவில் பள்ளிப் பேருந்தோடு 26 குழந்தைகள் கடத்தப்பட்டு, மண்ணுக்கடியில் புதைக்கப்பட்ட வாகனம் ஒன்றில் அடைக்கப்பட்டனர். பல மணி நேரத்துக்குப் பின் ஓட்டுநரும் குழந்தைகளும் தாமே வழி உண்டாக்கித் தப்பினர். அக்குழந்தைகளை ஆராய்ந்த மனநல மருத்துவர் லெனோர் டெர், அவர்களில் சிலரது விளையாட்டு மகிழ்ச்சியின்றி, சிறிதும் மாறாமல், திரும்பத் திரும்ப ஒரே விதமாக நடந்ததைக் குறித்தார். அத்தகைய விளையாட்டு அச்சத்தைத் தணிக்காமல் வளர்க்கவும் கூடும்.

உங்கள் மகனிடம் நீங்கள் பார்க்க வேண்டியதும் விளையாட்டு மாறுகிறதா என்பதைத்தான். இன்று எல்லாப் பொம்மைகளும் மூழ்குகின்றன. சில நாட்களில் ஒரு படகு வருகிறதா, யாரேனும் ஒருவர் காப்பாற்றப்படுகிறாரா, இடையில் அவன் சிரிக்கிறானா என்று பாருங்கள். அப்படி நடந்தால், தன்னை அடித்துச் சென்ற நிகழ்வைத் தன் கைக்குள் கொண்டுவரும் வேலையை அவன் செய்துகொண்டிருக்கிறான். வாரங்கள் சென்றும் கதை நகராமல், விளையாடி முடித்தபின் அவன் மேலும் பதற்றமடைந்து உறக்கமும் கெட்டால், குழந்தைகள் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: ஐந்து வயது மகள் இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுகிறாள். ஊசியைக் கண்டாலே அலறுகிறாள்.

ஊசி இல்லாத சிரிஞ்சு ஒன்றைச் செவிலியரிடம் கேட்டு வாங்கி, அவளையே பொம்மைக்கு மருத்துவராக இருக்கச் சொல்லுங்கள். அவள் கடுமையாகக் குத்தினாலும் கண்டிக்காதீர்கள். "வலிக்காது" என்று பொய் சொல்ல வேண்டாம். "கொஞ்சம் வலிக்கும், அம்மா கையைப் பிடித்துக்கொள்வேன்" என்பதே போதும். அவள் விளையாடும் இடத்தில் எந்த ஊசியும் போடக் கூடாது என்று மருத்துவர்களிடம் உறுதியாகக் கேளுங்கள், ஏனெனில் அச்சமின்றி இருக்க அவளுக்கு ஓரிடமேனும் வேண்டும். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும் என்பதால், கழுவித் துடைக்கக்கூடிய பொம்மைகளையே கொடுங்கள்.

கேள்வி: இழவு வீட்டில் குழந்தைகள் ஓடி விளையாடுவதை உறவினர்கள் கண்டிக்கிறார்கள்.

குழந்தையால் துக்கத்தைத் தொடர்ந்து சுமக்க முடியாது; சற்று அழுது, சற்று விளையாடி, மீண்டும் வந்து கேள்வி கேட்கும். அது இறந்தவர் மீது அன்பில்லாமை ஆகாது. பின்கட்டிலோ பக்கத்து வீட்டிலோ விளையாட விட்டு, பெரியவர் ஒருவர் உடனிருங்கள்.

கேள்வி: எங்கள் முகாமில் இடமே இல்லை. எங்கே விளையாட விடுவது?

இரண்டாம் உலகப் போர் நடந்த 1943இல், ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் கீழிருந்த டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனில், எம்ட்ரப் என்னும் பகுதியில் குழந்தைகளுக்காக ஒரு திடல் திறக்கப்பட்டது. அங்கே ஊஞ்சலோ சறுக்குமரமோ இல்லை. பழைய பலகை, செங்கல், மண் ஆகியவற்றைக் கொண்டு குழந்தைகளே கட்டிக் கலைத்தனர். அதைப் பார்த்துவிட்டு வந்த பிரிட்டனின் நிலவடிவமைப்பாளர் லேடி ஆலனின் முயற்சியால், போருக்குப் பின் லண்டனில் குண்டு விழுந்த வெற்றிடங்களிலும் இத்தகைய திடல்கள் உருவாயின.

உங்களுக்குத் தேவையானவை ஒரு மூலை, நாள்தோறும் மாறாத ஒரு நேரம், மாறாத ஒரு முகம். கண்ணாடிச் சில்லும் மின்கம்பியும் இல்லாத இடமாக இருக்கட்டும். என்ன விளையாடுவது என்பதைக் குழந்தைகளே முடிவு செய்யட்டும். இன்னொன்றையும் மறவாதீர்கள்: பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுமிகள், தம்பி தங்கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓரமாகவே நின்றுவிடுவார்கள். அந்தக் கைக்குழந்தைகளுக்கென ஒரு பாயும், பார்த்துக்கொள்ள முகாமிலுள்ள மூதாட்டியர் இருவரும் இருந்தால்தான் அவர்கள் ஆட்டத்துக்கு வர முடியும். அந்த ஏற்பாட்டை முதல் நாளே செய்யுங்கள்.