ராத்திரியில் பிரேக் ஏர் இறங்கும் லாரியை வாங்கலாமா?

கேள்வி: சங்ககிரியில் ஒரு பத்து சக்கர லாரி பார்த்து வைத்திருக்கிறேன், 2016 மாடல். எஞ்சின், டயர், பாடி எல்லாம் திருப்தி. ஆனால் காலையில் போய்ப் பார்த்தால் ஏர் பிரேக்கின் காற்றழுத்தம் காட்டும் மீட்டர் முள் பூஜ்யத்தில் கிடக்கிறது, எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்ட பிறகுதான் வண்டி நகர்கிறது. "பழைய லாரின்னா அப்படித்தான்" என்கிறார் புரோக்கர். எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்றிதழ்) நடப்பில் இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: புரோக்கர் சொல்வதில் பாதி உண்மை. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் ஏர் இறங்குவது அதிசயமில்லை. எவ்வளவு வேகத்தில் இறங்குகிறது, எந்த இடத்தில் இறங்குகிறது என்பதுதான் விஷயம், அதை அவர் சொல்லமாட்டார்.

எஞ்சின் ஓடும்போது கம்ப்ரஸர் காற்றை அடித்து டேங்குகளில் நிரப்புகிறது, முள் 8 பார் பக்கம் வந்ததும் 'புஸ்' என்று ஒரு சத்தத்தோடு நிறுத்திக்கொள்கிறது (அந்தச் சத்தம் கோளாறு இல்லை, காற்றிலிருக்கும் ஈரத்தைப் பிடிக்கும் டிரையர் தண்ணீரைத் துப்புகிறது). நீங்கள் பிரேக் பெடலை மிதிப்பது ஒரு வால்வைத் திறப்பதற்குத்தான். டேங்கில் இருக்கும் காற்று சக்கரத்துக்குப் பின்னாலிருக்கும் சேம்பர் என்ற டப்பாவுக்குப் போய் உள்ளே இருக்கும் டயாப்ரத்தை, அதாவது ரப்பர் தகட்டைத் தள்ளும், அது ராடைத் தள்ளும், ராட் ஸ்லாக் அட்ஜஸ்டர் என்ற நெம்புகோலைத் திருப்பும், பிரேக் ஷூ விரிந்து சக்கரத்தின் டிரம்மில் உரசும். ஹேண்ட் பிரேக் இதற்கு நேர் தலைகீழ். பின் சக்கர சேம்பருக்குள் ஒரு பெரிய ஸ்பிரிங் இருக்கிறது, அதை அமுக்கி வைத்திருப்பதே காற்றுதான். காற்று போனால் ஸ்பிரிங் விரிந்து சக்கரத்தைப் பிடித்துவிடும். காலையில் உங்கள் லாரி நகராமல் நிற்பது அதனால்தான், அந்த அளவில் அது சரியாகவே வேலை செய்கிறது.

சரி, எப்படிப் பார்ப்பது? முதல் காரியம், நீங்கள் போய்ச் சேரும் முன் எஞ்சினை யாரும் ஸ்டார்ட் செய்யக் கூடாது, அதைப் போனிலேயே சொல்லிவிடுங்கள். நான் ஒரு தடவை பதினோரு மணிக்கு நிதானமாகப் போய், சூடேறி, டேங்க் நிறைந்து, சொன்ன பேச்சு கேட்கும் வண்டியைப் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தவன். மறுவாரமே பட்டறையில் கம்ப்ரஸரைப் பிரித்தோம்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே டேங்குக்கு அடியில் இருக்கும் வளையத்தை இழுத்து, வருவதை உள்ளங்கையில் வாங்கிப் பாருங்கள். கொஞ்சம் தண்ணீர் என்றால் பரவாயில்லை. பழுப்பாக, மோரில் ஆயில் கலந்த மாதிரி வழவழவென்று வந்தால் கம்ப்ரஸர் ஆயில் தள்ளுகிறது, டிரையரும் கெட்டிருக்கும். செலவு பெரிசு, விலையில் அடித்துப் பேசுங்கள், இல்லை விட்டுவிடுங்கள்.

அப்புறம் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஏரை முழுசாக ஏற்றி, எஞ்சினை அணையுங்கள். ஹேண்ட் பிரேக் போட்ட நிலையிலேயே 'ஸ்ஸ்' என்று கேட்டால் கசிவு பைப், ஜாயின்ட், டேங்க் வால்வு, பெடல் வால்வு இந்தப் பக்கம். ஹேண்ட் பிரேக்கை விட்டதும் சத்தம் ஆரம்பித்தால் ஸ்பிரிங் இருக்கும் பாதி சேம்பர். பெடலை மிதிக்கும்போது மட்டும் கேட்டால் சர்வீஸ் டயாப்ரம், அதாவது பெடல் பிரேக்குக்கான ரப்பர் தகடு. சத்தம் வரும் இடத்தில் சோப்புத் தண்ணீர் அடித்தால் நுரை காட்டிக்கொடுக்கும். இதில் பலதும் அரை நாள் பட்டறை வேலை, பயப்பட வேண்டாம்.

கடைசியாக, ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டு, பெடலை முழுசாக மிதித்து ஒரு நிமிடம் பிடியுங்கள். மிதித்தவுடன் முள் சட்டென்று கொஞ்சம் இறங்கும், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அதற்குப் பிறகு இறங்குவதை மட்டும் பாருங்கள். அமெரிக்காவில் லாரி லைசென்ஸ் சோதனையில் டிரெய்லர் இல்லாத வண்டிக்கு இந்த ஒரு நிமிடத்தில் 3 பி.எஸ்.ஐ. வரை விடுகிறார்கள், நம் மீட்டரில் அது 0.2 பார், முள் அசைந்த மாதிரிகூடத் தெரியாது. கண்ணுக்குத் தெரிய இறங்கினால் அது "பழைய லாரின்னா அப்படித்தான்" கணக்கில் வராது.

முள் அப்படியே நின்றாலும் முடிந்துவிடவில்லை, வாங்குகிறவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். காற்று சரியாக இருந்து ஸ்லாக் அட்ஜஸ்டர் தளர்ந்திருந்தால் மீட்டர் அதைக் காட்டாது. ஒருவர் மிதிக்க, நீங்கள் அடியில் குனிந்து ராட் எவ்வளவு வெளியே வருகிறது என்று ஒவ்வொரு சக்கரத்திலும் அளந்து பாருங்கள், 2 அங்குலத்தைத் தாண்டினால் ஆபத்து. ஊருக்குள் வண்டி ஒழுங்காகத்தான் நிற்கும். தர்மபுரியிலிருந்து சேலம் வரும்போது தொப்பூர் இறக்கத்தில் லோடோடு மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடாகி விரிந்து ஷூவை விட்டு விலகும், ராட் இன்னும் நீள வேண்டும், நீள இடம் இருக்காது.

எஃப்.சி.யைப் பொறுத்தவரை, எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு அது வருடா வருடம் எடுப்பது. சோதித்த அன்று வண்டி எப்படி இருந்தது என்பதற்குத்தான் அது அத்தாட்சி, பத்து மாதம் ஓடிய பிறகு அதை நீட்டி என்ன பயன்?

கேள்வி: ஏர் இல்லாமல் வழியில் நின்றுவிட்டால் சேம்பரைக் கழற்றி வண்டியை நகர்த்தலாம் என்று கிளீனர் சொல்கிறார். சரியா?

பதில்: கழற்றவே கூடாது. காற்று போன பிறகும் உள்ளே அமுங்கியே இருக்கும் ஸ்பிரிங் ஆளைக் கொல்லும், சேம்பரைச் சுற்றியிருக்கும் கிளாம்பைத் தளர்த்தி உயிரை விட்டவர்கள் உண்டு. சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு, அதற்கென்றே உள்ள நீள போல்ட்டைச் சேம்பரின் பின்பக்க ஓட்டையில் விட்டுத் திருப்பி, நட்டை இறுக்கினால் ஸ்பிரிங் பின்னுக்கு வரும், வண்டியை இழுக்கலாம். பிரேக் இல்லாத வண்டி அது, பட்டறை வரைக்கும்தான். அந்த போல்ட்டைப் பல சேம்பர்களில் பக்கவாட்டிலேயே செருகி வைத்திருப்பார்கள், பழைய வண்டிகளில் பல நேரம் காணாமல் போயிருக்கும். வாங்கும்போது டார்ச் அடித்து அதையும் பார்த்துவிடுங்கள்.